மலைக்கிராமத்து ஆடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் மகளிர் குழு, ஜவ்வாது மலையில் 15 மலையாளி பழங்குடிக் குடும்பங்களுக்குத் தலா 4 பெட்டை ஆடு கொடுக்கப் போகிறது. ஓராண்டுக்குள் ஒவ்வொரு குடும்பமும் 4 பெட்டைக்குட்டிகளை அடுத்த குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். நடக்குமா?
(வாசகி, ஜமுனாமரத்தூர்)

நடக்காது. சினையில்லாத ஆட்டை இன்று கொடுத்தால், இடம் பழகிக் கிடாவோடு சேர ஒன்றிரண்டு மாதம். சினைக்காலம் 5 மாதம். ஆக முதல் குட்டி விழுவதே ஏழாம் மாதத்தில்தான். நாலு ஆட்டில் ஒன்றுக்குச் சினை நிற்காமல் போகலாம். மற்ற மூன்றும் சேர்ந்து ஐந்து குட்டி போட்டு, ஒன்று செத்தால் மிச்சம் நாலு. அதில் பாதி கிடா. வருஷக் கடைசியில் கையில் இருப்பது ஐந்து மாத வயதில் இரண்டே பெட்டைக்குட்டி. நாலும் வேண்டுமென்று நெருக்கினால் தாயாட்டைப் பிடித்துக் கொடுப்பார்கள், அல்லது வட்டிக்குக் கடன் வாங்கிச் சந்தையில் வாங்கிக் கொடுப்பார்கள். இந்தக் கைமாற்று முறையை உலகமெங்கும் கொண்டுபோன ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 1944-ல் பியூர்ட்டோ ரிகோவுக்கு 17 கிடாரிகளை (இளம் பசுக்களை) அனுப்பித் தொடங்கியது. அவர்கள்கூட முதலில் பிறக்கும் கிடாரிக்கன்று ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

14-ஆம் மாதம் இரண்டு, 24-ஆம் மாதம் இரண்டு என்று விதியை மாற்றுங்கள். கிடாக்குட்டி முழுக்க அந்தக் குடும்பத்துக்கே. அதை விற்ற காசு கையில் விழுந்தால்தான் பெட்டையை மனசாரக் கொடுப்பார்கள். கொடுக்கும் குட்டிக்கு 6 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். தொங்கு தராசில் 10 கிலோ நிற்க வேண்டும். தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எந்தக் குட்டி என்பதை வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கட்டும். இல்லையென்றால் சவலைக்குட்டிதான் கைமாறும்.

எல்லாரும் கோட்டை விடும் இடம் கிடா. 20, 25 பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் உங்கள் 60 ஆட்டுக்கு மூன்று கிடா வேண்டும். கைமாறும் குட்டி அதே ஊரிலேயே இருக்கும், அதன் தகப்பனும் அங்கேயே சுற்றும். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் குட்டி பருவத்துக்கு வந்து தகப்பனோடே சேர்ந்துவிடும். அதனால் ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை கிடாக்களை ஊர் மாற்றுங்கள். கிடா வளர்க்கிற வீட்டுக்குத் தீவனக் காசைக் குழு கொடுக்க வேண்டும். ஊருக்கே பொதுவான கிடாவை ஒரு வீடு மட்டும் எத்தனை நாள் சும்மா தீனி போட்டு வளர்க்கும்?

ஆடு கடைசியில் வரட்டும். பெரிய ஆட்டுக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை வேண்டும். நாலு ஆட்டுக்கு 15 கிலோ. சாமைத் தாளை மட்டும் நம்பினால் கோடையில் எலும்பும் தோலுமாக நிற்கும். ஆடு வருவதற்கு வெகு முன்பே வரப்பில் கிளைரிசிடியா, அகத்தி, ஒரு ஓரத்தில் வேலிமசால் போட்டுவிடுங்கள். சூபாபுல் (சவுண்டல்) இருந்தால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மிஞ்சினால் முடி கொட்டும். மழைக்குளிரில் தரை ஈரம் ஆட்டுக்கு ஆகாது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மூங்கில் பரண் போடுங்கள். பெரிய ஆட்டுக்கு 10 சதுர அடி இடம் வேண்டும். பட்டைகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் குட்டியின் கால் சிக்கி ஒடியும்.

கீழ்நாட்டுச் சந்தையில் வாங்கிய ஆடுகள் பத்தே நாளில் மூக்கொழுகி, கழிந்து, வரிசையாகச் சாகின்றன. ஊரில் இருந்த பழைய ஆடுகளுக்கும் தொற்றிவிட்டது. என்ன செய்வது?
(வாசகர், கல்வராயன் மலை)

ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) என்னும் வைரஸ் நோயாகத்தான் இருக்க வேண்டும். வாய்க்குள் ஈறிலும் நாக்கிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கால்நடை மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். வைரஸுக்கு மருந்து கிடையாது. கூடவே வரும் நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்கும், நீர்ச்சத்துக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம்.

இனி வாங்குவதானால் சந்தை வேண்டாம். பக்கத்து மலையூரில் வீடு வீடாக வாங்குங்கள். விலை கூடினாலும் சரி. தடுப்பூசி போட்டு 21 நாள் ஆன பிறகே ஓட்டி வாருங்கள். வந்த பிறகும் 21 நாள் தனிப்பட்டி, தனித் தண்ணீர்த்தொட்டி.

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி 4 மாதத்துக்கு மேற்பட்ட குட்டிக்கு, தோலுக்கடியில் 1 மில்லி; மூன்று வருஷம் தாங்கும். குப்பி பெரும்பாலும் 100 டோஸ். கரைத்த மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாற்பது ஆடு உள்ள ஊரில் கரைத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் அடுத்த ஊருக்கு நடந்தால், அங்கே போடுவது வெறும் தண்ணீர். இரண்டு மூன்று ஊர் ஆடுகளை மேய்ச்சலுக்கு விடும் முன் காலையிலேயே ஓரிடத்தில் கட்டிவைத்து, அப்புறம் குப்பியைத் திறங்கள்.

மரவள்ளித் தழை தின்ற ஆடு அரை மணி நேரத்தில் செத்தது. பாம்புக்கடியா?
(வாசகர், கொல்லிமலை)

சயனைடு நஞ்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பச்சைத் தழையில், அதிலும் இளந்தளிரில், மிகுதி. நன்றாக ஒரு நாள் வெயிலில் வாட்டி, கொஞ்சமாக, மற்ற தழையோடு கலந்து போடுங்கள். வயிறு காலியாக இருக்கும் ஆட்டை மரவள்ளி அறுவடை நடக்கும் காட்டுப்பக்கம் ஓட்டாதீர்கள். மூச்சு வாங்கித் தள்ளாடும்போதே மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டால் பிழைக்கலாம்.

காட்டில் மேய்த்தால் அபராதம் போடுகிறார்கள். உரிமை உண்டா?
(வாசகி, சித்தேரி மலை)

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(டி) மேய்ச்சலைச் சமூக உரிமையாகச் சொல்கிறது. பலர் தனிநபர் நிலத்துக்கான படிவம் ஏ-யிலேயே மேய்ச்சலையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்; அது எடுபடாது. சமூக உரிமைக்குப் படிவம் பி. வன உரிமைக் குழு வழியாகக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஆடு போகும் தடம், தண்ணீர்த்துறை, எந்த மாதம் எந்தச் சரிவு என்பதை வரைபடத்தில் குறியுங்கள். குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். மனு போடாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஓர் ஆதாரம்தான். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.