ஒயின் சுவைக்கும் குழுக்களில் புட்டியை ஏன் துணியால் மூடிவைக்கிறார்கள்?

பெயரும் விலையும் நாக்கை முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால்தான். 1976 மே 24 அன்று பாரிசில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் பிரெஞ்சு வல்லுநர்களுக்குப் பெயரை மறைத்து ஒயின்களைக் கொடுத்தார். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு ஒயின்கள்! பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த புகழ்பெற்ற ‘மூட்டோன் ரோத்ஷில்டு’ ஒயின்கூடப் பின்தங்கியது. எனக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

குழுவாகச் சுவைப்பதில் இன்னொரு பெரிய நன்மை ஒப்பீடு. 750 மில்லி புட்டியில் ஆளுக்கு 50 மில்லி என்றால் 15 பேருக்கு வரும். ஒரே மாலையில் ஆறு வகைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். புதியவர்கள் பிரான்சின் சிராவையும் ஆஸ்திரேலியாவின் ஷிராசையும் சேர்த்துச் சுவைக்க வேண்டும். இரண்டும் ஒரே திராட்சைதான். பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் சிராவில் மிளகு வாசனை தூக்கலாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் வெப்பமான பரோசா பகுதியில் விளைந்ததில் கனிந்த பழச்சுவை மேலோங்கும். மண்ணும் வெயிலும் செய்யும் வேலை அது.

முதலில் மணத்தை முகருங்கள். பிறகு துவர்ப்பைக் கவனியுங்கள்: திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், கடுந்தேநீரைப் போல ஈறுகளைப் பிடிக்கும். சுவைத்ததைத் துப்பிவிடுவது அவமரியாதை அல்ல. ஆறாவது கோப்பைவரை நாக்கு தெளிவாக இருக்க அதுவே வழி.