நாய்க்கு சிபிடி எண்ணெய்: வாங்குமுன் ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் நாய்க்குப் பன்னிரண்டு வயது, 20 கிலோ எடை. மூட்டுத் தேய்மானத்தால் படுத்தால் எழுந்திருக்கவே சிரமப்படுகிறது. மருத்துவர் கொடுத்த வலி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் 30 மில்லி சிபிடி எண்ணெய் பார்த்தேன். புட்டியில் 300 மி.கி. என்றும், தினம் 10 சொட்டு என்றும் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: சிபிடி என்பது கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும், போதை தராத பொருள். நாய்களின் மூட்டு வலிக்கு அது உதவலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை கொடுத்தபோது வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. ஆய்வை முடித்தவை 16 நாய்கள்தான், அதனால் இதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

இனி உங்கள் புட்டிக்கு வருவோம். 300 மி.கி. என்பது முழுப் புட்டியிலும் சேர்த்து உள்ள சிபிடி. 30 மில்லியால் வகுத்தால் ஒரு மில்லியில் 10 மி.கி. ஒரு மில்லி என்பது சுமார் 20 சொட்டு. ஆக, 10 சொட்டில் கிடைப்பது 5 மி.கி. அந்த ஆய்வின் அளவுப்படி 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 80 மி.கி. வேண்டும். புட்டியில் சொல்லியிருப்பது அதில் பதினாறில் ஒரு பங்கு! ஆய்வில் கொடுத்த அளவையே கொடுக்கப் போனால் புட்டி நான்கு நாள்கூட வராது. இத்தகைய எண்ணெயை ஆய்வின் பெயரைச் சொல்லி விற்பவர்கள், ஆய்வில் கொடுத்த அளவை மறைப்பது எனக்குக் கோபம் தருகிறது. வலியில் இருக்கும் பிராணியை வைத்திருப்பவர்களின் நம்பிக்கையைக் காசாக்கும் வேலை இது. எந்தப் புட்டியானாலும் விலையை மொத்த மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள். அப்போதுதான் இரண்டு பொருள்களை ஒப்பிட முடியும்.

அதற்காக நீங்களே அளவைக் கூட்டிவிடாதீர்கள். அதே ஆய்வில் சிபிடி கொடுத்த நாய்களுக்கு ஒரு கல்லீரல் நொதி இரத்தத்தில் உயர்ந்தது. பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளையும் சிபிடி தடுக்கக்கூடியது. உங்கள் நாய் ஏற்கெனவே மாத்திரையில் இருப்பதால் முதலில் மருத்துவரிடம் சொல்லி, கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு ஆரம்பிப்பதே சரி. வலி மாத்திரையை நிறுத்தவேண்டாம்.

கேள்வி: ஆய்வகச் சான்று பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். அதில் எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் பேட்ச் எண். சான்றில் உள்ளதும் புட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். சோதித்தது வெளி ஆய்வகமா என்று பாருங்கள். அடுத்து சிபிடி அளவு. லேபிளில் சொன்ன அளவு உள்ளே இல்லாத பொருள்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ சோதனையில் கண்டு, எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறது. விலங்குகளுக்கென்று எந்த சிபிடி பொருளுக்கும் அது ஒப்புதல் தரவில்லை. பூச்சிக்கொல்லி, கன உலோகம், கரைப்பான் எச்சம் ஆகியவற்றுக்கான முடிவுகளும் சான்றில் வேண்டும்.

மிக முக்கியமானது டிஎச்சி. கஞ்சாவில் போதை தருவது அதுதான். நாய்கள் அதைத் தாங்காது: தள்ளாட்டம், தன்னையறியாமல் சிறுநீர் போவது, உடல் சூடு குறைவது என்று படுத்துவிடும். 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருந்தால் உள்ளே கொஞ்சம் டிஎச்சி இருக்கும் என்று கொள்ளுங்கள். மனிதர்களுக்கான சிபிடி மிட்டாய்களை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அவற்றில் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்போ சாக்லேட்டோ இருக்கலாம், இரண்டும் நாய்க்கு நஞ்சு. ஹெம்ப் என்ற போதை குறைந்த கஞ்சா வகையின் விதை எண்ணெயை சிபிடி என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்களும் உண்டு. அதில் சிபிடி அநேகமாக இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பணம் கட்டுமுன்பே பாருங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு வலிப்பு. ஃபீனோபார்பிட்டால் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாக சிபிடி கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வில் சிபிடி கொடுத்த நாய்களுக்கு வலிப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் வழக்கமான வலிப்பு மருந்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன. வலிப்பு பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்த நாய்களை எண்ணினால், சிபிடி எடுத்த குழுவுக்கும் எடுக்காத குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஃபீனோபார்பிட்டாலைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான வலிப்பு வரலாம். கூடுதலாக சிபிடி சேர்ப்பதைக்கூட மருத்துவர் மட்டுமே முடிவு செய்யவேண்டும்.

கேள்வி: இடி இடித்தால் நாய் நடுங்குகிறது. சிபிடி பிஸ்கட் கேட்குமா?

பதில்: 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களுக்கு வெடிச் சத்தத்தைக் கேட்கவைத்துப் பார்த்தபோது சிபிடி பிஸ்கட்டால் பயம் குறையவில்லை. சத்தப் பயத்துக்கென்றே சோதித்து ஒப்புதல் பெற்ற மருந்து இருக்கிறது: டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல், கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வைப்பது. பிஸ்கட்டுக்குச் செலவழிக்குமுன் அது உங்கள் நாய்க்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.