அம்மா சொல்ல வேண்டிய ஆமென்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தில் சில வருடங்களாக அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) ஜெபக் குழு ஒன்று இருக்கிறது. அப்பா இறந்த பிறகு ஜெபிப்பதையே விட்டிருந்த என்னை மறுபடி வாய் திறக்க வைத்தது அந்தக் குழுதான். இப்போது ஞாயிறு திருப்பலியில் பாடும் பொறுப்பும் குழுவிடம் வந்துவிட்டது. நற்கருணை வாங்கியதும் கால் மணி நேரம் கை உயர்த்தித் துதி, பரவசப் பேச்சு (ஆவி ஏவுவதாகப் புரியாத மொழியில் பேசுவது), நோயாளிகளுக்கு ஜெபம் என்று போகிறது. என் அம்மாவுக்கு இது ஒட்டவில்லை. கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவரிடம் குழுவில் ஒருவர், "இன்னும் ஆவியைப் பெறவில்லையா அம்மா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதார். நான் யார் பக்கம் நிற்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கேள்வி. திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் ஏற்கெனவே தூய ஆவியாரைப் பெற்ற ஒருவரிடம் அப்படிக் கேட்கவே கூடாது. தூய ஆவியார் வந்ததற்கு அடையாளம் கை உயர்வதுதான் என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. உங்கள் அம்மா அழுததில் நியாயம் இருக்கிறது.

அதற்காக உங்களுக்கு அந்தக் குழுவில் நடந்தது பொய் என்று ஆகிவிடாது. நானும் ஒரு ஜெபக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வருடக்கணக்கில் கோவிலில் வாயே திறக்காத ஒரு மனிதர், சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே, தன் மகனுக்காகச் சத்தமாக ஜெபித்தார். மூன்று வாக்கியம்தான், அதுவும் திக்கித் திக்கி. அதைக் கேட்ட பிறகு இந்த இயக்கத்தை வெறும் உணர்ச்சிவசம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் டுகேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு தியானத்துக்குப் போன இடத்தில் தொடங்கியது இது. எட்டே வருடத்தில், 1975 பெந்தகோஸ்து சமயத்தில், திருத்தந்தை ஆறாம் பவுல் ரோமில் இவர்களை வரவேற்று, திருச்சபைக்கும் உலகுக்கும் இது ஒரு வாய்ப்பு என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் தொடக்கத்தில் இவர்களைப் பிடிக்காமல் சாம்பா நடனப் பள்ளியோடு ஒப்பிட்டவர். பிறகு நெருங்கிப் பழகி மனம் மாறினேன் என்று 2014இல் அவர்கள் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். ஆகவே, குழுவுக்குக் கதவை அடைத்துவிடும் பங்குத்தந்தையர் செய்வதும் சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சிக்கல், இது நடக்கும் இடத்தில் இருக்கிறது. ஜெபக் கூட்டம் விரும்பி வருகிறவர்களுக்கானது; பிடிக்காதவர் வராமல் இருக்கலாம். ஞாயிறு திருப்பலி அப்படி இல்லை. அங்கே எல்லாரும் வந்தாக வேண்டும், அதனால் அது எல்லாருக்கும் சொந்தமானதாக இருந்தாக வேண்டும். குழுவில் அடிக்கடி வாசிக்கும் 1 கொரிந்தியர் 14ஐயே எடுத்துப் பாருங்கள். உங்கள் எல்லாரையும்விட நான் அதிகம் பரவசப் பேச்சு பேசுகிறேன் என்று சொல்லும் திருத்தூதர் பவுல்தான், சபையில் பத்தாயிரம் சொற்களைவிடப் புரியும்படியான ஐந்து சொல் போதும் என்கிறார். விளக்கம் சொல்ல ஆள் இல்லையென்றால் தனக்குள்ளேயே பேசட்டும் என்கிறார். அதே அதிகாரத்தில் இன்னொன்றும் கேட்கிறார்: நீ சொல்வது புரியாதவர் உன் நன்றி ஜெபத்துக்கு எப்படி 'ஆமென்' சொல்வார்? உங்கள் அம்மாவுக்காகவே கேட்டது போல இருக்கிறது எனக்கு.

விதியும் தெளிவாகவே இருக்கிறது. குணமளிக்கும் ஜெபங்கள் பற்றி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000இல் ஓர் அறிவுரை வெளியிட்டது. அந்த ஜெபங்களைத் திருப்பலிக்குள் நுழைக்கக் கூடாது. நோயாளிகளுக்காக விசுவாசிகள் மன்றாட்டில் கருத்துச் சேர்க்கலாம். தனி ஜெபக் கூட்டத்தையும் திருவழிபாட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெறித்தனம், நாடகத்தனம் போன்றவற்றைத் தவிர்க்கும்படி, குறிப்பாக நடத்துகிறவர்களுக்கு, அதில் எழுதியிருக்கிறது. உங்கள் குழுத் தலைவர் இதைப் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள், சண்டைக்காக இல்லை, பலருக்கு உண்மையிலேயே தெரியாது.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். திருப்பலியில் ஆவியார் இல்லை, நாம்தான் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் சில குழுக்களில் எப்படியோ வந்துவிடுகிறது. குருவானவர் அப்பத்தின் மேலும் இரசத்தின் மேலும் கைகளை விரிக்கும் அந்த நொடியில் அவர் கேட்பதே தூய ஆவியாரைத்தான்! அந்த நேரத்தில் கீபோர்டில் மெல்லிசாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தால், அதை நிறுத்தச் சொல்வதே குழு செய்யக்கூடிய பெரிய துதி. நற்கருணைக்குப் பின் வரும் மௌனமும் காலியான நேரம் இல்லை, நிரப்ப வேண்டியதில்லை. ஒரு துதிப்பாடல் பாடலாம், மனம் நிறையப் பாடலாம், அப்புறம் விட்டுவிட வேண்டும். மீதி எல்லாவற்றுக்கும் வார நாளில் ஒரு மாலை, நற்கருணை ஆராதனையோடு, நேரம் பார்க்காமல் ஜெபிக்கலாம். அங்கே பழகிய ஆர்வம் ஞாயிற்றுக்கிழமை பதிலுரைகளில், வாசகம் வாசிக்கும் குரலில் தானாக வந்து சேரும்.

பக்கம் எடுக்க வேண்டியதில்லை. குழுவிலேயே இருங்கள், உள்ளே இருந்து சொன்னால்தான் கேட்பார்கள். பங்குத்தந்தையிடம் போகும் முன் தலைவரிடம் பேசுங்கள். அம்மாவிடம் அப்படிக் கேட்டவரையும் வீட்டுக்கு அழைத்துவந்து, ஒருமுறை அம்மாவோடு ஜெபமாலை சொல்லச் சொல்லுங்கள், வருவார் என்றே நினைக்கிறேன். இந்த ஞாயிறு மட்டும் பாடகர் குழுவோடு நிற்காமல் அம்மா பக்கத்தில் உட்காருங்கள்.

அன்புடன்.