ஸ்கூலை மூடப் போகிறார்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கலிபோர்னியாவில் எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தொடக்கப் பள்ளிகளை மூடுவதா, இணைப்பதா என்று பார்த்தபோது ஆலோசனைக் குழுவில் ஒரு வருடம் இருந்தேன். இங்கே அதற்கு 7-11 கமிட்டி என்று பெயர். ஏழு பேருக்குக் குறையாமல், பதினொரு பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்கள் பலர் இதே பயத்தில் இருப்பதால் கேள்விகளுக்கு இங்கேயே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்கூலில் காலையில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்களே, எப்படி?

கார் வரிசையை வைத்துச் சொல்ல முடியாதுங்க. ஐந்து வருடம் முன்பு அந்தப் பகுதியில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, அதில் எத்தனை பேர் கிண்டர்கார்டனுக்கு வந்தார்கள் என்று பார்ப்பார்கள். அப்புறம் வகுப்பு வகுப்பாக: போன வருடம் முதல் வகுப்பில் 100 பேர், இந்த வருடம் இரண்டாம் வகுப்பில் 94 பேர் என்றால் விகிதம் 0.94. இப்படிச் சில வருட சராசரியை எடுத்து வரும் வருடங்களுக்கு நீட்டுவார்கள். நாடு முழுக்க 2007இல் சுமார் 43 லட்சமாக இருந்த பிறப்பு 2023இல் 36 லட்சத்துக்கு வந்துவிட்டது, அதனால் கணக்கில் பொய் இல்லை.

ஆனால் கணிப்பு தவறலாம். சியாட்டில் 2007லும் 2009லும் பள்ளிகளை மூடியது. கொஞ்ச வருடத்திலேயே பிள்ளைகள் பெருகி, மூடிய கட்டடங்கள் சிலவற்றை மறுபடி திறந்தார்கள். உங்கள் பகுதியில் புதிதாக அபார்ட்மெண்ட் வந்தால் வீட்டுக்கு எத்தனை பிள்ளை என்று கணக்கில் போட்டிருக்கிறார்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

சின்ன ஸ்கூல் என்றால் நல்லதுதானே அண்ணா? ஏன் மூட வேண்டும்?

நல்லதுதான், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பணம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது, கலிபோர்னியாவில் தினசரி வருகையை வைத்து. 250 பிள்ளைகள் இருந்தாலும் 500 இருந்தாலும் பிரின்சிபல் ஒருவர், ஆபீஸ் ஆள், துப்புரவு ஆள், கரண்ட் பில் எல்லாம் வேண்டும். கோவிட் காலத்தில் மத்திய அரசு கொடுத்த 190 பில்லியன் டாலர் உதவியும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது, அதனால்தான் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இந்தப் பேச்சு.

அதற்காக மூடினால் கஜானா நிரம்பிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். டீச்சர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளோடு அடுத்த ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள், அந்தச் சம்பளம் மிச்சமாகாது. பியூ அறக்கட்டளை 2011இல் ஆறு நகரங்களைப் பார்த்தபோது ஒரு பள்ளிக்கு வருடத்துக்கு மிச்சமானது பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்கும் குறைவு.

எந்த ஸ்கூல் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ஓட்டு போடுவது போர்டு, அதாவது டிஸ்ட்ரிக்டை நடத்த மக்கள் தேர்ந்தெடுத்த குழு. ஆனால் என் அனுபவத்தில் முடிவு அதற்குப் பல மாதம் முன்பே, எதற்கு எத்தனை மார்க் என்று அளவுகோல் போடும்போதே ஆகிவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை, எங்களுக்கு வந்தது நான்கு பேர். பட்டியல் வெளியான அன்று உட்கார இடமில்லை.

சிகாகோவில் 2013இல் வகுப்பறைக்கு 30 பிள்ளைகள் என்று வைத்து, 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இடம் வீணாகிறது என்றார்கள். சிறப்புக் கல்விக்கு வேண்டிய சின்ன வகுப்புகளை அந்தக் கணக்கு மதிக்கவில்லை என்று பெற்றோர்கள் கத்தினார்கள். அதே மாதிரித் தவறை எங்கள் டிஸ்ட்ரிக்டில் நான் நேரிலேயே பார்த்தேன். எங்கள் பட்டியலில் ‘காலி’ என்று போட்டிருந்த ஓர் அறைக்குப் போனால், பிறை வடிவ மேசை, அதன் மேல் கைக்கண்ணாடி, எதிரே ஒரு பையன் கண்ணாடியில் தன் நாக்கைப் பார்த்துப் பார்த்து ‘ர’ சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறான். பேச்சுப் பயிற்சி அறை! அன்று முதல் காலி என்று எழுதிய ஒவ்வோர் அறையையும் போய்ப் பார்க்காமல் நான் கை தூக்கவில்லை.

பட்டியலில் பெயர் வந்த பிறகு எதிர்த்துப் பயன் உண்டா?

உண்டு. சியாட்டிலில் 2024இல் சுமார் 20 பள்ளிகளை மூடலாம் என்று ஆரம்பித்து, நான்காகி, கடைசியில் ஒன்றுமில்லை என்று கைவிட்டார்கள். ஓக்லண்டில் 2022இல் பள்ளிகளை மூட போர்டு ஓட்டு போட்ட பிறகும், அடுத்த வருடம் புதிய போர்டு வந்து இன்னும் மூடாமல் இருந்த பள்ளிகளை மூடும் முடிவை ரத்து செய்தது. ஆனால் பணப் பற்றாக்குறை அப்படியே நிற்கும், வேறு எங்கோ வெட்டுவார்கள்.

என்னை உறுத்துவது வேறு. கூட்டம் கூட்ட முடிந்தவர்கள் தங்கள் ஸ்கூலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல் போய்விடுகிறது. சிகாகோ சுமார் 50 பள்ளிகளை மூடியபோது இடம் மாறிய ஏறக்குறைய 12,000 பிள்ளைகளில் 88 சதவீதம் கறுப்பினப் பிள்ளைகள். தயவுசெய்து, ‘எங்கள் ஸ்கூலை விட்டுவிட்டு அதை மூடுங்கள்’ என்று மட்டும் மைக்கில் சொல்லாதீர்கள்.

என் பொண்ணு இரண்டாம் வகுப்பு. படிப்பு கெடுமா?

கொஞ்சம் அடிபடும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டதில், அறிவிப்பு வந்த வருடமே மார்க் இறங்கியது, வாசிப்பு மீண்டது, கணக்கில் நான்கு வருடம் வரை பாதிப்பு தெரிந்தது. அதனால் அறிவிப்பு வந்ததுமே கவனியுங்கள். புது ஸ்கூலுக்கு ஒரு நாள் காலையில் அவளோடு நடந்து போய்ப் பாருங்கள். மேப்பில் அரை மைல் என்பார்கள், நடுவில் ஆறு வழிச் சாலை இருக்கும்.

நாளைக்குக் கூட்டம், ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். என்ன பேச?

அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் நிமிடத்திலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எங்கள் ஸ்கூலை மூடினால் நிகரமாக எவ்வளவு மிச்சம், அதில் டீச்சர் சம்பளம் சேர்த்திருக்கிறதா, எங்கள் கட்டடத்தில் எந்தெந்த அறையைக் காலி என்று எண்ணினார்கள். எழுத்தில் பதில் வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒரு பிரதி செயலாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.