சாம்பாருக்கு வந்த விமர்சனம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு வயது பதினான்கு. பரீட்சை முடிந்ததிலிருந்து ‘ஃபுட் வார்ஸ்’ என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடரே கதி என்று கிடக்கிறான். சமையல் பள்ளி, போட்டி, சவால் என்று போகிறது கதை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து எபிசோடு பார்த்தேன். ஒரு வாய் சாப்பிட்டதும் சாப்பிட்டவரின் துணி கிழிந்து பறக்கிறது. நான் நெளிந்தேன், அவன் சிரித்தான். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று. இதுவரை தட்டில் எது விழுந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டே விழுங்கியவன், இப்போது சாம்பாரை ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “புளி முன்னாடி வருது, பெருங்காயம் பின்னாடி வருது” என்று விமர்சனம் சொல்கிறான். இதையெல்லாம் பார்க்க விடலாமா? மணமும் இல்லாத, ருசியும் இல்லாத, வெறுமே வரைந்து வைத்த சாப்பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

க., நாமக்கல்

அன்புள்ள க.,

துணி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எனக்கும் அது பிடிக்காது. சில காட்சிகள் எல்லை தாண்டுகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள் பாருங்கள், அதையே தொடருங்கள். நீங்கள் நெளிவது அவனுக்கும் தெரியட்டும்.

ஆனால் அந்தக் கூத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சுவாரசியம். ருசியைத் திரையில் காட்ட முடியாது. இந்தத் தொடர்களை எடுப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் அதுதான். 1987இல் ‘மிஸ்டர் அஜிக்கோ’ என்று ஒரு தொடர் வந்தது. அதில் ஒரு பெரியவர், சாப்பாடு நன்றாக இருந்துவிட்டால் “உமாய்சோ!” என்று கத்துவார், வாயிலிருந்து ஒளிக்கற்றை பீறிட்டு அடிக்கும். அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் மகன் பார்க்கும் கூட்டம். அடுத்த வருடமே வந்த ‘ஓய்ஷின்போ’ நேர் எதிர் வழியில் போனது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஊழியர்களுக்கு வெறும் தண்ணீரையும், சோயாப் பாலை உறையவைத்துச் செய்யும் தோஃபுவையும் கொடுத்து, எது எந்த இடத்துச் சரக்கு என்று நாக்கால் கண்டுபிடிக்கச் சொல்வதில் தொடங்குகிறது கதை. தண்ணீரை வைத்து ஒரு சமையல் தொடரைத் தொடங்க எவ்வளவு தைரியம் வேண்டும்! 136 எபிசோடு ஓடியது.

சரி, ‘ஃபுட் வார்ஸ்’ வெறும் கூத்துதானா என்றால், இல்லை. அதன் மூலமான காமிக்ஸ் 2012 முதல் 2019 வரை ஒரு சிறுவர் வார இதழில் வந்தது. கதை எழுதியவர் ஒருவர், படம் வரைந்தவர் ஒருவர். அது போக, சமையல் குறிப்புகளுக்கென்றே யூகி மொரிசாகி என்ற சமையல்காரர் தனியாக இருந்தார். அதனால் அதில் வரும் பண்டங்களை வீட்டிலும் செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன், அதுவும் முட்டைச் சமாச்சாரம். நாமக்கல்காரருக்கு முட்டையைப் பற்றி நான் சொல்வதாவது!

தொடக்கத்திலேயே வரும் காட்சி அது. பள்ளியில் சேர வந்த கதாநாயகன் சோமாவிடம், ருசி பார்க்கும் நாக்குக்குப் பேர்போன எரினா என்ற பெண், முட்டையில் ஏதாவது செய் என்கிறாள். அவன் செய்வது சோற்றின் மேல் தூவிக்கொள்ளும் ஒரு பண்டம். ஜப்பானியர்கள் ‘ஃபுரிகாகே’ என்பார்கள்; நாம் பருப்புப்பொடி போட்டுக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. உதிர் உதிராகக் கிளறிய முட்டை, நடுநடுவே பழுப்பாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். கோழி இறக்கைகளை வேகவைத்த சாற்றைக் குளிரவைத்து உறையச் செய்து வெட்டியது அது. ஆட்டுக்கால் சூப் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் அல்வா மாதிரிக் கெட்டியாகிக் கிடக்குமே, அதேதான். சூடான சோற்றில் போட்டதும் அது இளகி இறங்கி, ஒவ்வொரு பருக்கையையும் சுற்றிப் பிடித்துக்கொண்டு மின்னுகிறது. எரினா சாப்பிடுகிறாள், இன்னொரு வாயும் எடுக்கிறாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நன்றாக இல்லை” என்று சாதிக்கிறாள். முகமோ வேறு கதை சொல்கிறது.

என் வீட்டில் முகங்கள் எந்தக் கதையும் சொல்லவில்லை. இறக்கை வாங்கி, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். முட்டை கிளறுகிற மும்முரத்தில் சோற்றை மறந்துவிட்டேன். ஆறிப்போன சோற்றின் மேல் அந்தச் சதுரங்கள் கண்ணாடிக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. என் மனைவி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இது சாப்பிடறதா, மோதிரத்துல பதிக்கறதா?” என்றாள்.

வரைந்த சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கேமராவில் ஒரு கிண்ணம் சோற்றைப் பிடித்தால் பருக்கைகள் தாமாகவே வந்துவிடும். வரையும்போது எதுவும் தானாக வராது. ஆவி எவ்வளவு நேரம் எழ வேண்டும், முட்டையின் எந்த ஓரத்தில் பளபளப்பு விழ வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனைதான் நமக்கு நாக்கில் ஊறுகிறது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்த தொடர் இது இல்லை. 2016இல் வந்த ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’, மொத்தமே பன்னிரண்டு எபிசோடு. மனைவியை இழந்த ஒரு பள்ளி ஆசிரியர், அவருடைய சின்னஞ்சிறு மகள் த்சுமுகி. அப்பாவுக்குச் சமையல் தெரியாது. கடையில் வாங்கிய சாப்பாட்டிலேயே நாள் ஓடுகிறது. ஒருநாள் டிவியில் வரும் சாப்பாட்டைக் காட்டி, இதை அம்மா செய்து தருவாளா என்று கேட்கிறாள் குழந்தை. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு, தன் மாணவி ஒருத்தியின் வீட்டு உணவகத்துக்கு ஓடுகிறார். அந்தப் பெண்ணுக்கோ கத்தி என்றால் பயம். மண்சட்டியில் சோறு ஆக்குகிறார்கள், அவ்வளவுதான்.

அங்கே கஞ்சி வடிப்பது கிடையாது. அளந்த தண்ணீர் சட்டிக்குள்ளேயே வற்ற வேண்டும். ‘குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே’ என்று ஜப்பானில் ஒரு சொலவடையே உண்டு. இங்கே அந்தக் குழந்தை பக்கத்திலேயே நிற்கிறது. மூடியைத் திறந்ததும் வெறும் வெள்ளைச் சோறு. த்சுமுகி வாய் நிறைய வைத்துக்கொண்டு மென்கிறாள், அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் துணியும் பறக்கவில்லை, யார் வாயிலிருந்தும் வெளிச்சம் வரவில்லை. நான்தான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இதை மகனோடு சேர்ந்து பாருங்கள். ‘யகிடதே ஜபான்’ என்று ரொட்டி சுடும் பையனின் கதை ஒன்றும் இருக்கிறது. ஒரே இரைச்சல், ஆனால் சிரிக்கலாம். தலைப்பே சிலேடை: ஜப்பானியத்தில் ‘பான்’ என்றால் ரொட்டி. போர்த்துகீசியர்கள் விட்டுப்போன சொல். யாழ்ப்பாணத்தில் ‘பாண்’ என்பதும் அவர்கள் கொடுத்ததுதான்.

அப்புறம் அந்த விமர்சனம். அதற்காகக் கோபப்படாதீர்கள். போனைப் பார்த்துக்கொண்டே விழுங்கியவன் இப்போது பெருங்காயத்தைக் கண்டுபிடிக்கிறான். அதுவும் பின்னாடி வருகிறது என்று சரியாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த முறை கண்ணை மூடும்போது, “சரி, நாளைக்கு நீ வை” என்று கரண்டியைக் கையில் கொடுங்கள். சாம்பார் வேண்டாம் என்றால் அந்த முட்டைப் பண்டத்தையே செய்யட்டும். கோழி இறக்கைக்கும் உங்கள் ஊரில் பஞ்சமிருக்காது. சாற்றை முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடச் சொல்லுங்கள். குக்கரை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் முட்டை கிளறி முடிக்கிற நேரத்துக்குச் சோறு கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும்.