வடகொரியர்களும் செல்போனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வடகொரியாவிலிருந்து தப்பித் தென்கொரியா வந்தவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஒரே மொழி; வந்ததும் குடியுரிமை, வீடு, பயிற்சி. அப்படியும் தடுமாறுகிறார்கள். செல்போனும் ஏடிஎம்மும் ஒரு மாதத்தில் பழகிவிடாதா? எங்கள் தெருப் பாட்டிகூட வாட்ஸப் பார்க்கிறார்.

க., திருச்சி

அன்புள்ள க.,

பழகிவிடுகிறார்கள். தென்கொரியாவின் ஆன்சொங் நகரில் 1999இல் தொடங்கிய ஹனாவொன் மையத்தில் மூன்று மாதம் வைத்து வங்கி, இணையம், சுரங்க ரயில் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். வந்திருக்கும் 34,000 சொச்சம் பேரில் சுமார் 72 சதவீதம் பெண்கள். பலர் ஊர்ச் சந்தையில் வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். தொடுதிரையா அவர்களுக்குப் பெரிது?

வடகொரியாவிலும் செல்போன் உண்டு. ஆனால் சாதாரண மக்களுக்கு உலக இணையம் கிடையாது, குவாங்மியொங் என்ற உள்நாட்டு வலைதான். சில போன்களும் டேப்லெட்டுகளும் நாம் பார்ப்பதைத் தாமாகவே படம்பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் படங்களை நம்மால் அழிக்க முடியாது. எல்லை ஊர்களில் சீன சிம் போட்டுப் பேசுபவர்கள், அதிகாரிகள் அலைவரிசையை மோப்பம் பிடிப்பதற்குள் சட்டென்று பேசி அணைத்துவிடுவார்கள். தடயம் விடாதவனுக்கே உயிர் மிஞ்சும் இடம் அது. அங்கிருந்து வந்தவருக்குச் சியோலில் ஒரு செயலியில் கணக்குத் தொடங்கப் போனாலும் 'நீ யார், நிரூபி' என்று குறுஞ்செய்தி வருகிறது. உங்கள் பாட்டி வாட்ஸப் பார்த்ததற்காக அவர் தம்பியை யாரும் சிறை முகாமுக்கு இழுத்துப் போவதில்லையே.

அடையாள எண்ணின் கதையைக் கேளுங்கள். தென்கொரியாவில் எல்லோருக்கும் 13 இலக்க எண் உண்டு. அதில் பதிவுசெய்த ஊரின் குறியீடும் முன்பு இருந்தது. பயிற்சி மையம் ஆன்சொங்கில் இருந்ததால் வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஊர்க் குறியீடே விழுந்தது: பின்பாதி ஆணுக்கு 125, பெண்ணுக்கு 225 என்று ஆரம்பிக்கும். வேலை கேட்டுப் போனால் வடக்கிலிருந்து வந்தவர் என்று முதலாளிக்கு விளங்கிவிடும். சீன விசா கிடைக்காது. இதில் ஆன்சொங்கிலேயே பிறந்து வளர்ந்த அப்பாவிகளும் மாட்டிக்கொண்டார்கள் என்பது தனிக்கூத்து. 2009இல்தான் எண்ணை மாற்றிக்கொள்ளச் சட்டம் வழிவிட்டது.

சரி, எண் மாறியது, பயம்? 2018இல் தென்கொரியாவின் கூமி நகரில் இவர்களுக்கான உதவி மையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் (வைரஸ் போன்ற திருட்டு மென்பொருள்) புகுந்து 997 பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி திருடுபோயின. ஊரில் விட்டுவந்த அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பதறுபவரிடம் 'ஆன்லைனில் பதிவு செய்யுங்கள்' என்றால் கை தயங்கத்தான் செய்யும். அதைத் தெரியாத்தனம் என்று நாம் எழுதிவிடுகிறோம்.

இதற்கு நேர்மாறாக, யூடியூபில் முகம் காட்டி, வடகொரியாவின் ஹம்கியொங் வட்டார வழக்கிலேயே பேசிச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். பரபரப்புக்காக ஊதிப் பெருக்கிய கதைகள் அதில் கலந்திருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேலை கிடைப்பதற்காகப் பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்லும் சமூகத்தில், அந்தப் பேச்சையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.