துபாயில் கம்பி கட்டப் போகலாமா, இடுப்பு தாங்குமா?

கேள்வி: வயது 27. பத்தாம் வகுப்பு பாஸ். ஊரில் மூன்று வருடமாகக் கம்பி கட்டுகிறேன். துபாயில் ஸ்டீல் ஃபிக்ஸர் வேலைக்கு ஏஜென்ட் 1,40,000 ரூபாய் கேட்கிறார். அவ்வப்போது இடுப்பு வலி வரும். தாக்குப்பிடிப்பேனா?

பதில்: தம்பி, எல்லோரும் பாரத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். 12 மீட்டர் நீளமுள்ள 16 எம்எம் கம்பி சுமார் 19 கிலோ, 25 எம்எம் 46 கிலோ. ஆள் சேர்ந்து தோள் கொடுத்தால் தூக்கிவிடலாம். இடுப்பைத் தின்பது ஸ்லாப் வேலை. முட்டியை மடக்காமல் குனிந்து, கட்டுக்கம்பியைக் கொக்கியில் மாட்டி முறுக்கிக்கொண்டே நாளெல்லாம் நகர்ந்தால் சாயங்காலம் நிமிர முடியாது. பலகை போட்டு, குந்தி உட்கார்ந்து கட்டப் பழகுங்கள். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் மட்டும் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று, டிராயிங் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெட்டு நீளம் கணக்குப் போட்டு, கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்கின் கொக்கி முனையை 135 டிகிரிக்குச் சரியாக வளைக்கத் தெரிந்தவரை மேஜை முன்னால் நின்று கம்பி வளைக்கும் வேலைக்கு எடுப்பார்கள். குனிவது பாதியாகும்.

சரி, இடுப்பைவிட அந்த 1,40,000தான் என்னை உறுத்துகிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. அவ்வளவுதான். அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவே முதலாளியுடையது. வட்டிக்கு வாங்கிப் போனவன் வலி வந்தாலும் லீவு போட மாட்டான், இடுப்பு அப்படித்தான் போகிறது. லைசென்ஸ் எண்ணைக் கேட்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். டீக்கடையில் வைத்துப் பணம் வாங்கும் சப்-ஏஜென்டுக்கு எந்த லைசென்ஸும் கிடையாது. 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் பத்தாவது பாஸ் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பத்தாவது முடிக்காதவர் வளைகுடா வேலைக்குப் போக, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், 10 லட்ச ரூபாய் காப்பீடும் கட்டாயம். உங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. 'உனக்கு எந்தத் தொல்லையும் இல்லை' என்று ஏஜென்ட் குஷியாகச் சொல்வது இதைத்தான். உங்கள் ஒப்பந்தத்தை அந்த அலுவலகத்தில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பத்தாவது படித்தவன் ஏமாறமாட்டான் என்று யார் முடிவு செய்தார்களோ! எத்தனை வருடமாக இந்த ஓட்டையை அடைக்காமல் வைத்திருக்கிறார்கள்!

அதனால் நீங்களே பாருங்கள். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் எழுதிய ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.